ஈமிம் டெட்ராஃப்ளூரோபோரேட்: கார்பன் டை ஆக்சைடு செல்லுக்கு வாங்கலாமா?

கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் கார்பன் மோனாக்சைடாக மாற்றும் செல்லைப் புதிதாக அமைக்கிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: அயனித் திரவம் (சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு) வாங்கலாமா, பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலே போதுமா? ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தொடர்ந்து பயன்படுத்தி வருவது 1-எத்தில்-3-மெத்தில்இமிடசோலியம் டெட்ராஃப்ளூரோபோரேட். ஆய்வுக்கூடத்தில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, ஈமிம் என்றாலே புரியும். பல நிறுவனங்கள் இதை விற்கின்றன. எந்த நிறுவனம் நல்லது என்ற விஷயத்துக்குள் நான் போகவில்லை. இந்தத் திரவம் உண்மையில் என்ன செய்கிறது, வாங்கிய பிறகு எதையெல்லாம் பார்க்க வேண்டும், அதைத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளி மின்முனையில் குறைந்த மின்னழுத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எடுக்க வேண்டும், வினை எப்படி நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் இமிடசோலியம் அயனித் திரவத்தைத் தாராளமாக வாங்குங்கள், எந்த எதிர்மின் அயனியோடு என்பதைப் பின்னால் சொல்கிறேன். புட்டியைத் திறந்து நேராகச் செல்லில் ஊற்றி மறுநாளே நல்ல எண்கள் வர வேண்டும் என்றால் வேண்டாம். இந்தத் திரவம் அப்படி உழைக்காது.

இதற்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு நேர்கோட்டில் இருப்பது, அசைந்து கொடுக்காதது. அதற்கு ஒரே ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து வளைப்பதுதான் மிகக் கடினமான படி. தண்ணீரில் அந்தப் படிக்கு ஹைட்ரஜன் அளவுகோலில் ஏறக்குறைய மைனஸ் 1.9 வோல்ட் வேண்டும். அந்த அழுத்தத்துக்குப் போவதற்குள் தண்ணீரே ஹைட்ரஜனாகப் பிரிந்து மின்சாரத்தைத் தின்றுவிடும். நல்ல உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சுமை குறையும். வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடு தரும், தகரமும் ஈயமும் ஃபார்மேட் தரும், செம்பு மீத்தேன், எத்திலீன் வரை போகும் என்று ஜப்பானிய வேதியியலாளர் யோஷியோ ஹோரி 1980களிலேயே வரிசைப்படுத்திக் காட்டிவிட்டார். ஆனால் உலோகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓர் எல்லைக்கு மேல் நகர முடியவில்லை.

அந்த எல்லையை மின்பகுளியின் பக்கத்திலிருந்து தாண்டியது 2011-இல் வெளிவந்த வேலை. ரிச்சர்ட் மாசெல், அமீன் சாலேஹி-கோஜின், பிரையன் ரோசன் ஆகியோரின் குழு வெள்ளி மின்முனையையும் ஈமிம் கலந்த தண்ணீரையும் வைத்துச் செய்தது. கார்பன் டை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிய வெப்ப இயக்கவியல் கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.33 வோல்ட். அவர்களுடைய செல்லில் 1.5 வோல்ட்டிலேயே கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கியது. ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டியும் ஃபாரடே திறன் 96 சதவீதத்துக்கு மேல் நின்றது. அதாவது செலுத்திய எலக்ட்ரான்களில் நூற்றுக்கு 96-க்கும் மேல் நமக்கு வேண்டிய பொருளுக்கே போயிருக்கின்றன. இன்றைக்கும் இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு இருக்கத்தான் செய்கிறது.

கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், விற்பனைத் தாளில் இது இருக்காது. அந்த 1.5 வோல்ட்டில் ஓடிய மின்னோட்டம் மிகச் சிறியது. ஒரு மோல் கார்பன் மோனாக்சைடுக்கு, அதாவது 28 கிராமுக்கு, இரண்டு மோல் எலக்ட்ரான் வேண்டும். ஒரு ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 53.6 மணி நேரம் ஆகும். மில்லி ஆம்பியர் கணக்கில் ஓடும் சின்னச் செல்லில் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மறுபக்கம், மின்னழுத்தம் குறைவதன் லாபமும் இதே கணக்கில்தான் தெரிகிறது. ஒரு கிலோ கார்பன் மோனாக்சைடுக்கு 1.33 வோல்ட்டில் ஏறக்குறைய இரண்டரை யூனிட் மின்சாரம் போதும், 3 வோல்ட்டில் ஓட்டினால் ஐந்தே முக்கால் யூனிட் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்காகத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

சரி, புட்டிக்கு வருவோம்.

நல்ல ஈமிம் நிறமே இல்லாமல் இருக்கும். சாய்த்தால் சமையல் எண்ணெய் போல மெதுவாக நகரும். 25 டிகிரியில் தண்ணீரைவிட ஏறக்குறைய நாற்பது மடங்கு பாகுத்தன்மை. மைக்ரோ பிப்பெட்டில் எடுத்தால் முனைக்குள் ஒட்டிக்கொண்டு அளவு தவறும். அதனால் கன அளவை நம்பாமல் தராசில் வைத்து எடையில் எடுங்கள். உறைநிலை 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் குளிர்ந்த அறையில் வைத்தால் சில சமயம் கட்டியாகிவிடும். அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை, மெதுவாகச் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும். ஆவியழுத்தம் கிட்டத்தட்ட இல்லாததால் கரைப்பான் வாடை எதுவும் வராது. அசிட்டோநைட்ரைலோடு வேலை செய்து வந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எனக்கு ஒரு முறை வந்த புட்டி வெளிர் மஞ்சளாக இருந்தது. சான்றிதழில் தூய்மை 98 சதவீதத்துக்கு மேல் என்று அச்சாகியிருந்தது. மீதி இரண்டு சதவீதம் என்ன என்று கேட்டு எழுதினேன், உருப்படியான பதில் வரவில்லை. மின்வேதியியலில் அந்த இரண்டு சதவீதம்தான் ஆளை அலைக்கழிக்கும். ஈமிமைப் பெரும்பாலும் அதன் குளோரைடிலிருந்தோ புரோமைடிலிருந்தோ அயனியை மாற்றித்தான் செய்கிறார்கள். சரியாகக் கழுவாவிட்டால் ஹாலைடு தங்கிவிடும். அது வெள்ளிப் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினை நடக்கும் இடத்தை மாற்றிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சில துளிகளைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுங்கள். சுத்தமானது என்றால் கரைசல் தெளிவாகவே நிற்கும். அந்த மஞ்சள் புட்டியில் எடுத்ததோ முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே பால் நிறத்தில் ஒரு கோடாக இறங்கி, குலுக்கியதும் முழுவதும் கலங்கிப்போனது. அதைச் செல்லுக்கு அனுப்பவில்லை. எந்தப் புட்டி வந்தாலும் இந்தச் சோதனையை முடிக்காமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். ஈமிம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் போச்சு. எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று கார்ல் ஃபிஷர் முறையில் அளந்துவிட்டு, தேவைப்பட்டால் வெற்றிடத்தில் 70, 80 டிகிரியில் கலக்கிக்கொண்டே உலர்த்த வேண்டும். “எப்படியும் தண்ணீர் கலக்கத்தானே போகிறோம், உலர்த்துவது எதற்கு?” என்று கேட்பார்கள். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நம் கையில் இருக்க வேண்டும், அதற்குத்தான். கார்பன் மோனாக்சைடு உருவாக புரோட்டான் வேண்டும், அந்த அளவுக்குத் தண்ணீர் நண்பன்தான். பாகுத்தன்மையும் குறையும், வாயு சீக்கிரம் மின்முனையைச் சேரும். வியப்பான விஷயம் என்னவென்றால், இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஹைட்ரஜன் அடங்கியே இருக்கிறது. ஈமிம் அயனிகள் கேத்தோடின் பரப்பில் நெருக்கமாக அடுக்கி உட்கார்ந்து அதைத் தடுக்கின்றன.

அளவு விஷயத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 2011 வேலையில் ஈமிம் 18 மோல் சதவீதம், அதாவது எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினெட்டு. கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் ஈமிம் மூலக்கூறு தண்ணீரைவிடப் பதினோரு மடங்கு கனமானது. எடைக்கணக்கில் பார்த்தால் கரைசலில் ஏறக்குறைய 70 சதவீதம் ஈமிம்தான். இதை யோசிக்காமல் சின்னப் புட்டி வாங்கினால் ஒரு செல்லை நிரப்பக்கூடப் போதாது. ஒரு புட்டி ஈமிமுக்குக் கொடுக்கிற காசில் பொட்டாசியம் பைகார்பனேட் மலையாக வாங்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

செல்லில் போட்ட பிறகு வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? இந்தத் திரவத்தோடு எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். முதலில் ஆர்கானை விட்டு நன்றாகக் குமிழவிட்டு, மின்னழுத்தத்தை மெல்லக் கீழே கொண்டு போங்கள். மின்னோட்டத்தைக் காட்டும் கோடு நீண்ட தூரம் படுத்தே இருக்கும். பிறகு ஆர்கானை நிறுத்திக் கார்பன் டை ஆக்சைடு விடுங்கள். பாகுத்தன்மையால் குமிழிகள் சின்னதாக, சோம்பலாக மேலே வரும். திரவம் முழுவதும் வாயு நிறைய நேரம் கொடுக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. இப்போது அதே ஓட்டத்தை மீண்டும் செய்தால், முன்பு படுத்திருந்த இடத்திலேயே மின்னோட்டம் கிளம்பும். அந்த இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை. தண்ணீரில் நம்மிடம் பிடிவாதம் பிடித்த அதே மூலக்கூறுதான் இங்கே இறங்கி வருகிறது.

ஆனால் கோடு கிளம்பியதை மட்டும் வைத்து வெற்றி என்று அறிவித்துவிடாதீர்கள். வெளியே வரும் வாயுவைக் கேஸ் குரோமட்டோகிராஃபில் போட்டு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதோடும் முடியாது. மின்பகுளியிலேயே கார்பன் இருக்கிறது. ஈமிம் சிதைந்துகூட ஏதாவது வரலாம். கார்பன்-13 ஏற்றிய கார்பன் டை ஆக்சைடை விட்டு, கிடைக்கும் பொருளிலும் அதே கார்பன்-13 இருக்கிறதா என்று ஒரு முறையாவது சரிபார்த்துவிட வேண்டும். இது செலவு பிடிக்கும் சோதனைதான். ஆனாலும் அது இல்லாத முடிவுகளை நான் நம்புவதில்லை.

ஈமிம் இதை எப்படிச் செய்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. வளைந்த கார்பன் டை ஆக்சைடை ஈமிம் அயனி அணைத்து நிலைப்படுத்துகிறது என்பது முதல் விளக்கம். ஈமிமின் நேர்மின் அயனியில் இருக்கும் ஐந்து அணு வளையமான இமிடசோலியத்தில் இரண்டு நைட்ரஜன்களுக்கு நடுவிலுள்ள இரண்டாம் கார்பன்தான் முக்கியம், அங்கே புரோட்டான் கழன்று கார்பாக்சிலேட் உருவாகிறது என்று பலர் நினைத்தார்கள். 2016-இல் பால் டைசன் குழு, வளையத்தின் ஒவ்வொரு இடத்தையும் மெத்தில் தொகுதியால் அடைத்துப் பார்த்து, வெள்ளி மின்முனையில் உதவி செய்வது நான்காம், ஐந்தாம் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்கள்தான் என்று காட்டியது. எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் கேள்வியை மூலக்கூறிடமே கேட்டிருக்கிறார்கள். கார்பாக்சிலேட் பக்கம் போகும் ஈமிம் வீணாகும் ஈமிம்தான் என்பது என் கருத்து.

இனி குறைகள். பெரிய குறை டெட்ராஃப்ளூரோபோரேட் அயனியிடம் இருக்கிறது. தண்ணீரோடு நீண்ட நேரம் இருந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடைக் கொடுக்கும், சூடாக்கினால் இன்னும் வேகமாக. கரைசலின் பிஎச் நாளாக ஆகக் கீழே இறங்கும். பழைய கரைசலோடு நின்ற கண்ணாடிச் செல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். திரவம் நின்ற மட்டம் வரை உள்பக்கம் மூட்டமாக, சொரசொரவென்று இருக்கும், அதற்கு மேலே கண்ணாடி பளிச்சென்று இருக்கும். எத்தனை கழுவினாலும் அது போகாது, ஏனென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியை அரிப்பது கையை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டெஃப்லான், பீக், பாலிப்ரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் செல்களைப் பயன்படுத்துங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஹைட்ரஜன் ஃப்ளூரைடு பட்ட காயத்துக்குப் போடும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அயனித் திரவம் என்றாலே பசுமையானது, ஆபத்தில்லாதது என்று விளம்பரத் தாள்களில் எழுதுகிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு. ஆவியாகாது என்பது ஒரு நல்ல குணம், அவ்வளவுதான். இமிடசோலியத்தில் ஆல்கைல் சங்கிலி நீள நீள நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சுத்தன்மையும் கூடுகிறது.

இரண்டாவது, குறிப்பு மின்முனை, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும் மின்முனை. பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய சாதாரண வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை இதில் இறக்காதீர்கள். பொட்டாசியம் டெட்ராஃப்ளூரோபோரேட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. இரண்டும் சந்திக்கும் நுண்துளை அடைப்பிலேயே வெள்ளைப் பொடியாகப் படிந்து வழியை அடைத்துவிடும். மின்னழுத்தம் இஷ்டத்துக்கு நகரும், வினை மாறுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். இதே காரணத்தால் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலில் கொஞ்சம் ஈமிமையும் சேர்த்துப் பார்ப்போம் என்ற யோசனையும் வெள்ளை வீழ்படிவில்தான் போய் முடியும். வெள்ளிக் கம்பியை வைத்து, அளவுகோலாகப் பயன்படும் ஃபெரோசீன் என்ற சேர்மத்தைக் கொண்டு அளவைச் சரிபார்ப்பதுதான் எனக்கு ஒத்துவந்தது.

மூன்றாவது, செல்லின் இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் சவ்வு. நாஃபியான் புரோட்டானைக் கடத்துவதற்காகச் செய்த சவ்வு. ஈமிம் நேர்மின் அயனி என்பதால் அதற்குள் நுழைந்து புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தடை ஏறும், விலை கொடுத்து வாங்கிய ஈமிம் ஆனோடு பக்கம் கசிந்து அங்கே ஆக்சிஜனேற்றம் ஆகும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஆனோடு பக்கத்துத் திரவத்திலும் என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்த அலைச் சோதனை) எடுத்துப் பாருங்கள்.

வேறு மின்முனைகளோடு எப்படி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளியை வாங்க வசதி இல்லாதவர்கள் பிஸ்மத்தைப் பார்க்கலாம். டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ரோசன்தால் குழு 2013-இல் பிஸ்மத்தும் இமிடசோலியமும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடை நன்றாகத் தருவதைக் காட்டியது. மாலிப்டினம் டைசல்ஃபைடை வைத்துச் சாலேஹி-கோஜின் குழு 2014-இல் செய்த வேலையில் ஈமிம் வெறும் 4 மோல் சதவீதம்தான். திரவச் செலவை யோசித்தால் இது பெரிய விஷயம். மெத்தனால் வேண்டும் என்றால் ஹான் பூசிங் குழுவின் 2016 வேலையைத் தேடிப் படியுங்கள். மாலிப்டினம்–பிஸ்மத் சல்ஃபைடு, பியூட்டைல் சங்கிலி உள்ள இமிடசோலியம், அசிட்டோநைட்ரைல் ஆகியவற்றை வைத்து 70 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல் ஃபாரடே திறன் எடுத்தார்கள். மெத்தனாலுக்கு ஆறு எலக்ட்ரான் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். எத்திலீன் தேடுகிறவர்கள் செம்போடும் நீர்க்கரைசலோடும் இருப்பதே நல்லது.

நேர்மின் அயனியாக இமிடசோலியத்தையே வைத்துக்கொண்டு எதிர்மின் அயனியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ட்ரைஃப்ளேட் தண்ணீரோடு கலக்கும், சிதையாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொல்கிறேன். பிஸ்ட்ரைஃப்ளைமைடு தண்ணீரோடு கலக்காது, உலர்ந்த செல்லுக்கு நல்லது. பழைய வேலைகளின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் டெட்ராஃப்ளூரோபோரேட்டை வாங்குங்கள்.

தொழிற்சாலை அளவில் மின்னோட்டம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் புட்டியே வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பாகான திரவத்தின் வழியாக வாயு வந்து சேரும் வேகம் அந்த அளவுக்கு ஈடுகொடுக்காது. இதை முதலில் உணர்ந்தவர்களில் மாசெலும் ஒருவர். அவர் தொடங்கிய டயாக்சைடு மெட்டீரியல்ஸ் நிறுவனம் இமிடசோலியத்தைப் பாலிமர் சங்கிலியிலேயே கட்டிப்போட்டு சஸ்டெய்னியன் என்ற சவ்வாக ஆக்கியது. வாயு நேராக மின்முனைக்கு வரும், இமிடசோலியம் சவ்வில் தங்கிவிடும், கசிந்து போகவும் வழியில்லை. திரவத்தில் கற்றதைத் திடப்பொருளுக்குக் கொண்டு போன இந்த யோசனைதான் என் கண்ணில் ஈமிமின் மிகப் பெரிய பயன்.

பயன்படுத்திய திரவத்தைத் தூக்கி எறியாதீர்கள். தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கிவிட்டு மீட்கலாம், ஈமிம் அப்படியே நிற்கும். மீட்டதை புரோட்டான் என்எம்ஆரிலும் ஃப்ளூரின் என்எம்ஆரிலும் பார்த்து, வளையமும் டெட்ராஃப்ளூரோபோரேட்டும் பழையபடி இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழுப்பாகிவிட்டதை மீண்டும் செல்லில் போடாமல் தனிக் கலனில் சேர்த்து, ஃப்ளூரின் உள்ள கழிவு என்று ஒட்டி, முறைப்படி அப்புறப்படுத்துங்கள். கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஆர்டர் போடும்போதே ஹாலைடு எத்தனை பிபிஎம், தண்ணீர் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அந்தந்த உற்பத்தித் தொகுதிக்கான எண்ணை எழுத்தில் கேளுங்கள். கொடுக்காதவர்களிடம் வாங்க வேண்டாம்.